இடுப்பில் துப்பாக்கி வேண்டாம், கையில் எழுத்து கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கேயாவது சங்கிலிப் பறிப்பு, வீடு புகுந்து கொள்ளை என்று செய்தி வந்தால் போதும், 'அமெரிக்காவில் மாதிரி ஆளுக்கொரு துப்பாக்கியை இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ள நமக்கும் உரிமை வேண்டும்' என்று ஒரு குரல் கிளம்பிவிடுகிறது. கடலூர் மாவட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கும் தற்காப்புக்கும் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களில் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். துப்பாக்கி வைத்திருக்கிற எங்களுக்கே அந்தக் கோரிக்கையில் உடன்பாடு இல்லை. சட்டம் ஏற்கெனவே கொடுத்திருப்பது அலுவலக மேசையைத் தாண்டி எங்கள் கைக்கு வராமல் இருப்பதுதான் எங்கள் வழக்கு.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே ஆயுத உரிமை அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்திலேயே இருக்கிறது. 'தனிப்பட்ட தேவையை நிரூபித்தால்தான் வெளியே எடுத்துச் செல்ல அனுமதி' என்று நியூயார்க் மாநிலத்தில் நூறாண்டுக்கும் மேலாக இருந்த ஏற்பாட்டை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2022 ஜூன் 23இல் ரத்து செய்ததும் அதை வைத்துத்தான். நம் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு 'ஆயுதமின்றி அமைதியாக'க் கூடும் உரிமையைத்தான் பேசுகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமமில்லாத சாதாரணத் துப்பாக்கி பிடிபட்டால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அந்நாட்டுத் தீர்ப்பைக் காட்டி இங்கே வாதாடினால் வாசற்படியோடு முடிந்துவிடும்.

மறைத்து எடுத்துச் செல்வது பற்றி வாய் கிழியப் பேசுபவர்கள் 2016 ஆயுத விதிகளின் 32ஆவது விதியைப் படித்ததாகத் தெரியவில்லை. உரிமம் உள்ளவர் பொது இடத்தில் துப்பாக்கியை எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று அது சொல்கிறது. கைத்துப்பாக்கி என்றால் உடலோடு கட்டிய உறையிலோ பையிலோ இருக்க வேண்டும். நீளத் துப்பாக்கி என்றால் அதற்கென்று தைத்த உறை வேண்டும். எதுவானாலும் முழுக்க மூடியிருக்க வேண்டும். கொண்டுபோகிறவரின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். ஆக, மறைப்பது இங்கே சலுகை அல்ல, கடமை. கல்யாண ஊர்வலத்தில் வெளியே எடுத்துக் காட்டினால் உரிமம் போகும். கொண்டாட்டத்துக்குச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எங்கள் ஆட்களிலும் இந்த விதியை மீறுகிறவர்கள் இருக்கிறார்கள், மறைப்பானேன். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் முன்பக்கத்தில் உரமூட்டை, அதன்மேல் குறுக்கே இரட்டைக்குழல், குழல் முனையில் ஒரு பாலிதீன் பை. கொல்லைக்குத்தானே போகிறோம் என்பது சாக்கு. ஆனால் வண்டி போகும் தார்ச்சாலை பொது இடம். ஒரு கான்வாஸ் உறை தைக்க ஆகும் செலவு, வழக்கு வந்தால் வக்கீலுக்குப் பேருந்தில் போய்வரும் செலவைவிடக் குறைவு.

எல்லை விஷயம் இந்தப் பகுதிக்கே உரியது. உரிமத்தில் அது எந்தப் பரப்புக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும்: மாவட்டமா, மாநிலமா, நாடு முழுவதுமா என்று. பலர் அந்த வரியை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. கடலூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகிறவர் முள்ளோடையில் புதுச்சேரிக்குள் நுழைகிறார். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம், நகரம் எல்லாம் தாண்டி கோட்டக்குப்பத்தில் மறுபடி தமிழ்நாடு. பிறகு காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி. கனகசெட்டிக்குளம் தாண்டித்தான் நிரந்தரமாகத் தமிழ்நாடு. 'தமிழ்நாடு' என்று மட்டும் எழுதிய உரிமத்தோடு பழுதுபார்க்கவோ விற்கவோ துப்பாக்கியை எடுத்துப் போகிறவர் இந்த ஒரே பயணத்தில் இரண்டு தடவை நிபந்தனையை மீறுகிறார். ஆயுதச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். பாகூர்ப் பக்கம் இன்னும் சிக்கல். தமிழ்நாட்டு நிலமும் புதுச்சேரி நிலமும் தறியில் பாவும் ஊடும் போலப் பின்னிக் கிடக்கின்றன. விண்ணப்பப் படிவத்தில் பரப்பைக் கேட்கும் இடத்தில் 'தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி' என்று காரணத்தோடு முதலிலேயே எழுதிக் கேளுங்கள். அது கிடைக்கும்வரை பண்ருட்டி, விழுப்புரம் வழியாகச் சுற்றிப் போவதே நல்லது. ஆங்கிலேயரின் 1878 ஆயுதச் சட்டம் செல்லாத மண் என்பதும் ஒரு காரணமாய் அந்நாளில் விடுதலை வீரர்கள் புதுச்சேரிக்கு வந்தார்கள். இன்று இரண்டு பக்கமும் ஒரே சட்டம்தான்; ஆனால் கோடு இருக்கிறது.

இனி தேர்தல். எங்கள் குறைகளில் பெரியது இதுதான்.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே ஊரில் உரிமம் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் 'துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள்' என்று தொலைபேசியில் தகவல் வருகிறது. எழுத்தில் ஒன்றும் இல்லை. தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல் இப்படிச் சொல்லவில்லை. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் கொண்ட ஆய்வுக் குழு ஒவ்வொரு உரிமதாரரையும் தனித்தனியே பரிசீலிக்க வேண்டும். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில், குறிப்பாகத் தேர்தல் நேரக் கலவரத்தில், ஈடுபட்டவர் ஆகியோரைக் கண்டு, யாரிடம் வாங்குவது அவசியம் என்று முடிவு செய்து, அவருக்குத் தனி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒப்படைத்தால் முறையான ரசீது தர வேண்டும். முடிவு வெளியாகி ஒரு வாரம் ஆனதும் உடனே திருப்பித் தர வேண்டும். காரணம் காட்டாமல் எல்லோரிடமும் ஒட்டுமொத்தமாக வாங்கக் கூடாது என்று அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு 2024 மார்ச்சில் சொன்னதும் இந்த அடிப்படையில்தான்.

2024 மக்களவைத் தேர்தலையே எடுத்துக்கொள்வோம். மார்ச் 16இல் அறிவிப்பு. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஏப்ரல் 19ஆம் தேதி ஒரே நாளில் வாக்குப்பதிவு முடிந்தது. ஆனால் மற்ற மாநிலங்களின் கட்டங்கள் முடிந்து எண்ணிக்கை நடந்தது ஜூன் 4இல். மொத்தம் 80 நாள். அதில் நம் ஊரில் ஓட்டுப் போட்டு முடித்த பிறகான 46 நாளும் சேர்த்தி. மார்கழி, தைப் பட்டத்துக் கடலை முற்றிப் பிடுங்குகிற காலம் அது. விருத்தாசலம், வேப்பூர், மங்களூர்ப் பக்கம் காட்டுப்பன்றி கடலைக் கொல்லையில் இறங்குவது விதை போட்ட முதல் வாரத்திலும் காய் முற்றும் வாரத்திலும்தான். பன்றிக்கு நடத்தை விதிமுறை கிடையாது.

தேர்தலுக்கு முன் ஆயுதங்களைச் சரிபார்ப்பதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. தகராறு பேர்வழியிடமிருந்து வாங்கத்தான் வேண்டும். எங்களில் யார் அப்படிப்பட்டவர் என்று கண்டறியத் தேர்தல் ஆணையம் ஒரு குழுவையே வைத்திருக்கும்போது, அந்த வேலையைச் செய்யாமல் எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

தனி அறிவிப்பு வந்து ஒப்படைக்க வேண்டிய நிலை ஏற்பட்டால், கவனிக்க வேண்டியவை சில. வங்கக் கடலின் உப்புக்காற்று கடலூரில் ஊருக்குள்ளும் வீசும். எண்ணெய் போடாத குழல் மூடிய அறையில் சில வாரம் கிடந்தாலே உள்ளே புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். தோட்டா உட்காரும் இடத்தில் பிடித்தால், சுட்ட பிறகு காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். ஆகவே கொண்டுபோவதற்கு முந்தைய நாள் குழலைத் துணியால் துடைத்து, உள்ளும் புறமும் மெல்லிய பூச்சாக எண்ணெய் தடவுங்கள். வழிய வழிய ஊற்றினால் எண்ணெய் இறங்கி மரக்கட்டை ஊறி மென்மையாகிவிடும். தோல் உறையில் வைத்துக் கொடுக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிடப் போட்ட சரக்கு இரும்பைத் தின்னும். பருத்தித் துணியில் சுற்றிக் கான்வாஸ் உறையில் வைப்பதே மேல். ரசீதில் 'துப்பாக்கி ஒன்று' என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தயாரிப்பு, வரிசை எண், 'போர்' (bore) என்னும் குழல் விட்ட அளவு, ஒற்றைக்குழலா இரட்டைக்குழலா, கட்டையில் விரிசல் உண்டா, தோட்டா எத்தனை என்று அத்தனையும் இருக்க வேண்டும். எண் தெரியும்படி ஒரு படமும், தேதி போட்ட ரசீதின் படமும் கைபேசியில் இருக்கட்டும். ஒரே மாதிரி 12 போர் ஒற்றைக்குழல்கள் வரிசையாக நிற்கும் அறையில் காகிதச் சீட்டு உதிர்ந்துவிட்டால், எண் ஒன்றுதான் உங்கள் சாட்சி.

குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான 'கேப்'பை எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்கிறார்கள். அது காலி அல்ல. மருந்தும் சக்கையும் ரவையும் உள்ளேயேதான் இருக்கின்றன. குழல் நிச்சயமாகக் காலியாக இருக்கும் ஒரு நாளில் கெட்டிக்கும் கம்பியை அடிவரை விட்டு, குழல் வாயோடு ஒட்டிய இடத்தில் கம்பியில் ஒரு கோடு கீறி வையுங்கள். பிறகு எப்போது கம்பியை விட்டாலும் அந்தக் கோடு வாய்க்கு வெளியே நின்றால் உள்ளே சரக்கு இருக்கிறது. விடும்போது முகத்தைக் குழல் வாய்க்கு நேரே கொண்டுபோகக் கூடாது. சரக்கு இருந்தால் தோண்டி எடுக்க நீங்கள் முயலாதீர்கள், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் விடுங்கள். அப்படியே காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தால், யாரோ ஒரு காவலர் தூசி தட்டும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரிமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சும் என்பதால் சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பின் எண்ணெய் போட வேண்டும். கசடின்மேல் எண்ணெய் தடவுவது அழுக்குச் சட்டைக்குப் பெட்டி போடுவது மாதிரி.

புதிதாக விண்ணப்பிப்பவர்கள் எங்களிடம் கேட்பதெல்லாம் 'யாரைப் பார்க்க வேண்டும்' என்பதுதான். எந்தத் தாள் என்று கேட்பதே சரி. படிவம் ஏ-1, படங்கள், வயது, முகவரிச் சான்று, படிவம் எஸ்-3இல் மருத்துவச் சான்று, படிவம் எஸ்-1இல் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, வீட்டில் பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழி. பயிர்ப் பாதுகாப்பு என்றால் பட்டா, சிட்டா, நடப்புப் பசலியின் (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டின்) அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு. கோப்பு பெரும்பாலும் தடுக்கி விழுவது அடங்கலில்தான். கொல்லையில் கடலை இருக்கும், அடங்கலில் தரிசு என்று இருக்கும். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அடுத்தது பெயர். ஆதாரில் முன்னெழுத்து பின்னால், பட்டாவில் முன்னால், பழைய உரிமப் புத்தகத்தில் தகப்பனார் பெயர் முழுதாக. உரிமதாரர்களுக்கான தேசியத் தரவுத் தளத்தில் தனி அடையாள எண் ஏறாத உரிமம் செல்லாது. இந்தப் பெயர்க் குழப்பத்தால் எண் ஏறாமல் நிற்பவர்கள் உண்டு. மூன்று ஆவணத்திலும் ஒரே எழுத்தில் ஆக்கிக்கொண்டு பிறகு போங்கள்.

தகப்பனார் காலமானபின் பரணில் இருக்கிற துப்பாக்கியை 'அப்பா ஞாபகம்' என்று வைத்திருப்பதும் குற்றம். உடனே காவல் நிலையத்திலோ, பாதுகாப்பில் வைக்க உரிமம் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வைத்து உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆனாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றக் கேட்க விதியில் இடம் உண்டு.

காவல் நிலைய அறிக்கை 30 நாளில் வர வேண்டும். அறிக்கை வந்த 60 நாளில் உரிமம் வழங்கும் அதிகாரி முடிவெடுக்க வேண்டும். அறிக்கை வராவிட்டால் அதற்காகக் காத்திராமலே உத்தரவு போட ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு அதிகாரியை அனுமதிக்கிறது. இந்த வரி பயன்படுவதே இல்லை. 'ஸ்டேஷன் ரிப்போர்ட் வரலை' என்பது ஆண்டுக்கணக்கில் பதிலாகிவிடுகிறது. மறுத்தால் காரணத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும், விண்ணப்பதாரர் கேட்டால் சுருக்கமாகத் தர வேண்டும் என்கிறது 14ஆவது பிரிவு. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. குடிசைக்காரரின் மனு எந்த லட்சணத்தில் பார்க்கப்படுகிறது என்பது ஊருக்கே தெரியும். எழுத்தில் மறுப்பு வந்தால் 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம். அதனால்தான் எழுத்தே வருவதில்லை என்பது எங்கள் எண்ணம்.

அரசுப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2016 இறுதியில் உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம் உரிமங்கள் இருந்தபோது தமிழ்நாட்டில் இருந்தவை 22,532. இந்தக் கைச்சிக்கனம் நல்லது, அது தொடரட்டும். கைத்துப்பாக்கியைக் கௌரவச் சின்னமாகக் கேட்கிற பிரமுகர்களின் மனுவை எவ்வளவு வேண்டுமானாலும் அலசுங்கள். உயிருக்கு நிஜமான ஆபத்து என்று காட்ட முடியாதவருக்கு அது எதற்கு? இடுப்பில் இருப்பதை எடுத்துக் குறி வைப்பதற்குள் பைக்கில் வந்தவன் சங்கிலியோடு தெரு திரும்பியிருப்பான். தப்பிய குண்டு போய்ச் சேருவது எதிர்வீட்டுத் திண்ணையில்.

பயிர்த் துப்பாக்கி அப்படியல்ல. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கு, தடை ஏதும் இல்லையென்றால், உரிமம் 'வழங்க வேண்டும்' என்றே 13ஆவது பிரிவு சொல்கிறது. அதை வைத்துப் பன்றியைச் சுட்டுவிடலாம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறை அனுமதி இன்றிச் சுட்டால் வழக்குதான். காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு வழி செய்ததும் வனத்துறையினருக்குத்தானே தவிர விவசாயிக்கு அல்ல. எங்களுக்கு அந்த வெடிச் சத்தம் போதும். அதுவும் இல்லாதவன் என்ன செய்கிறான்? 230 வோல்ட் மின்சாரத்தை நேராக வேலிக் கம்பியில் விடுகிறான், அல்லது கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய் வைக்கிறான். சூரிய மின்வேலி விட்டுவிட்டு அடிக்கும், ஆளை உதறித் தள்ளும். நேர் மின்சாரம் பிடித்தால் விடாது. செத்துக் கிடப்பது பன்றியாகவும் இருக்கலாம், தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துக் கொல்லைக்காரராகவும் இருக்கலாம். 2023இல் மின்வேலிக்கென்று தனி விதிகள் வந்தும் இது நின்றபாடில்லை.

ஆகவே ஊர் ஊராகச் செய்யச் சொல்வது இது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் வாய்ப்பேச்சாக இல்லாமல் மனுவாகக் கொடுத்து ஒப்புகை எண் வாங்குங்கள். 30 நாள் தாண்டியதும் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்தக் காவல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டது? அறிக்கை எந்தத் தேதியில் திரும்பியது? வரவில்லையென்றால் 13ஆவது பிரிவின்படி என்ன உத்தரவு போடப்பட்டது? 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். அதற்குப் பதில் சொல்லக் கடமையில்லை என்று திருப்பிவிடுவார்கள். தேதி கேட்டால் தேதி தந்தாக வேண்டும். புதுப்பிக்கிறவர்கள் காலாவதிக்கு 60 நாள் முன்பே விண்ணப்பித்து, அந்த ஒப்புகையை உரிமத்தோடு சேர்த்து வையுங்கள்.

கடலூர், புதுச்சேரி ஆட்சியர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. அடுத்த தேர்தலில் ஆய்வுக் குழு அறிவிக்கை நாளுக்கு முன்பே கூடி, வாங்க வேண்டியவர்களுக்கு மட்டும் தமிழில் தனி அறிவிப்புத் தரட்டும். முள்ளோடையைத் தாண்டி நிலமோ உறவோ உள்ளவர்களின் உரிமத்தில் இரண்டு பக்கத்துப் பெயரையும் சேர்த்து எழுதித் தரட்டும்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற விவசாயிகள் சிலர்,
கடலூர் மாவட்டம்.